கருப்பு கார், போர் தண்ணி, தினமும் துடைக்கற அண்ணா: பெயின்ட் கெடாம கழுவ எது சரி?

சகோ, நீங்க கேட்டது "வீட்லயே பக்கெட் வெச்சு கழுவறதா, வாட்டர் வாஷ் சென்டர்ல விடறதா, இல்ல இப்ப வர்ற அண்ணாவே தினமும் துடைக்கட்டுமா, இதுல பெயின்ட்டுக்கு எது சேஃப்"னு. ஆனா நீங்க எழுதினத முழுசா படிச்சா விஷயம் கொஞ்சம் வேற. கருப்பு கலர், வாங்கி நாலு மாசம், சென்னைல பள்ளிக்கரணை பக்கம் அபார்ட்மென்ட், போர் தண்ணி, மாசம் 600 ரூபாய்க்கு ஒருத்தர் காலைல பக்கெட்டும் துணியுமா வந்து துடைச்சிட்டு போறார், இப்ப சாயங்கால வெயில்ல பார்த்தா பானெட் பூரா வட்ட வட்டமா கோடு தெரியுது. பிரஷர் வாட்டர் அடிச்சா பெயின்ட் போயிடும்னு உங்க மாமனார் வேற சொல்லியிருக்கார். அப்ப உங்களுக்கு தெரிய வேண்டியது இந்த கோட்ட போட்டது எது, இனிமே எத நிறுத்தணும்ங்கறது தான். அத முதல்ல சொல்லிடறேன், எங்க கழுவறதுங்கறது அதுல இருந்து தானா வந்துடும்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு பாடி ஷாப்ல பெயின்ட் பூத்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு, இப்ப டீட்டெய்லிங், அதாவது வண்டிய நுணுக்கமா கழுவி பாலிஷ் போடற வேலை மட்டும் பண்றேன். அதனால பெயின்ட் அடிக்கறதும் தெரியும், அடிச்ச பெயின்ட்ட ஜனங்க எப்படி எப்படியெல்லாம் பாழாக்கறாங்கன்னும் தெரியும். உங்க வண்டிய நேர்ல பாக்கல, மீட்டர் வெச்சு திக்னஸ் எடுக்கல, அதனால வண்டிக்குன்னு தனியா சொல்ற விஷயத்த எல்லாம் ஒரு சந்தேகத்தோடயே எடுத்துக்கோங்க.

நேரா பதில்: கோடு போட்டது அந்த தினசரி துடைப்பு தான், கிட்டத்தட்ட நிச்சயமா. அண்ணா மேல தப்பு இல்ல, அந்த வேலை அப்படி. ஒருத்தர் காலைல அஞ்சரைல இருந்து எட்டரைக்குள்ள பதினஞ்சு இருபது வண்டி முடிச்சாகணும், ஒரே பக்கெட், ரெண்டு துணி, உங்க வண்டிக்கு வர்றப்ப அந்த தண்ணில அதுக்கு முன்னாடி அஞ்சு வண்டியோட மண் இருக்கும். துணிய பிழிஞ்சு ஈரமா ஒரு இழுப்பு, அப்புறம் காஞ்ச துணில இன்னொரு இழுப்பு. ராத்திரி பூரா பானெட் மேல படிஞ்ச தூசிய எடுக்கறதுக்கு பதிலா அத பெயின்ட் மேலயே இழுத்துட்டு போறது தான் நடக்குது. வருஷத்துக்கு முன்னூறு தடவைக்கு மேல.

ஏன் இது இவ்ளோ பெரிய விஷயம்னா, நீங்க பாக்கற கருப்பு நேரா கைக்கு சிக்கறதில்ல. இரும்பு தகடு மேல முதல்ல துரு பிடிக்காம இருக்க ஒரு கோட், அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு ஒரு கலர் இல்லாத லேயர். கம்பெனி பெயின்ட்ல இது மொத்தமும் சேர்ந்து பெரும்பாலும் 100ல இருந்து 150 மைக்ரான், அதுல கிளியர் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு. அது ஒரு வகை பிளாஸ்டிக் தான். ரோட்டு தூசில இருக்கற மணலோட முக்கியமான சரக்கு குவார்ட்ஸ், கல்லோட கடினத்த 1ல இருந்து 10 வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல 7, கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நாங்க பூத்ல கிளியர் அடிச்சப்புறம் தூசி உக்காந்துட்டா 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல சோப்புத்தண்ணி போட்டு தேய்ச்சு எடுப்போம், அப்புறம் காம்பவுண்டுங்கற பாலிஷ் பேஸ்ட் போட்டு அந்த கோட்ட அழிப்போம். தினமும் துடைக்கறதுல முதல் பாதி வேலை நடக்குது, காம்பவுண்டு போடற ரெண்டாவது பாதி நடக்கறதில்ல.

அந்த வட்டம் பத்தி ஒண்ணு. நிறைய பேர் "அவர் வட்டமா தேய்க்கறார், அதான் வட்டமா கோடு விழுது, நேரா தேய்க்க சொன்னா சரியாயிடும்"னு நினைக்கறாங்க. கோடு எல்லா பக்கமும் தாறுமாறா தான் இருக்கும். ஒரு லைட்ட சுத்தி, வெளிச்சம் வர்ற திசைக்கு குறுக்கா இருக்கற கீறல் மட்டும் பளிச்சுனு தெரியும், மத்தது தெரியாது, அதனால பாக்கறப்ப வட்டமா தெரியுது. வீட்ல பழைய எவர்சில்வர் தட்ட பல்புக்கு கீழ வெச்சு அசைச்சு பாருங்க, வட்டம் பல்போடயே நகரும், அதே கதை தான் இது. நேரா தேய்ச்சா கோடு கம்மியா தெரியும்னு சிலர் அடிச்சு சொல்வாங்க, கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், ஆனா துணில மண் இருந்தா எந்த திசைல இழுத்தாலும் கோடு கோடு தான். கருப்பு சீக்கிரம் கீறல் விழற கலர்னு சொல்றதும் அப்படி தான், வெள்ளை வண்டியிலயும் இதே அளவு இருக்கும், கண்ணுக்கு தெரியாது, அவ்ளோ தான். ஜப்பான் வண்டி பெயின்ட் சாஃப்ட், ஜெர்மன் வண்டி ஹார்ட்னு ஒரு பேச்சு உண்டு, பாலிஷ் போடறப்ப எனக்கும் கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம் கைல தெரியுது, ஆனா அதே கம்பெனியோட ரெண்டு மாடல்லயே மாறுது, அதனால நாட்ட வெச்சு கணக்கு போடறத நான் நம்பறதில்ல.

இப்ப உங்க மாமனார் சொன்னது. கம்பெனி பெயின்ட் நல்லா இருக்கற வண்டில, வீட்டுக்கு விக்கற 100, 130 பார் பிரஷர் வாஷர ஒரு அடி ஒன்றரை அடி தள்ளி, விசிறி மாதிரி விரியற நாசில்ல அடிச்சா பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, தாராளமா அடிக்கலாம். கம்பெனில அந்த பெயின்ட்ட 140 டிகிரி பக்கம் சுட்டு எடுக்கறாங்க, சும்மா தண்ணிக்கு கழண்டு வராது. ஆனா அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. கல்லு பட்டு பெயின்ட் தெறிச்ச இடம், வெளில பெயின்ட் அடிச்ச பம்பர், ஸ்டிக்கர் ஓரம், இங்கெல்லாம் கிட்ட வெச்சு அடிச்சா தண்ணி அடில பூந்து தோலா உரிச்சு எடுத்துடும். பாடி ஷாப்ல நாங்க ஹார்ட்னர் கலந்து அடிக்கற 2கே பெயின்ட் 60 டிகிரில தான் சுடறோம், அது எவ்ளோ ஒட்டியிருக்குங்கறது அடில தேய்ச்சவன் கைல இருக்கு, சரியா தேய்க்காம அடிச்ச பம்பர் பிரஷர்ல உரியறத நிறைய பார்த்திருக்கேன். அவர் வண்டில அப்படி ஏதாவது நடந்திருக்கலாம், நடந்திருந்தா அது பெயின்ட் அடிச்சவன் பிரச்சினை. அப்புறம் ஒரே புள்ளியா சுத்தி சுத்தி அடிக்கற டர்போ நாசில்னு ஒண்ணு இருக்கு, அது தரைக்கும் காம்பவுண்டு சுவத்துக்கும் தான், வண்டி பக்கமே கொண்டு வரக்கூடாது.

வாட்டர் வாஷ் சென்டர்ல எனக்கு பயம் பிரஷர் மேல இல்ல, அதுக்கு அப்புறம் வர்ற ஸ்பாஞ்ச் மேல. ஃபோம் அடிச்ச உடனே ஒரு பையன் ஸ்பாஞ்ச எடுத்துட்டு வருவான், அது போன வண்டியோட வீல் ஆர்ச்ச தேய்ச்சுட்டு தரைல கிடந்தது. கடைசில துடைக்கறது பனியன் வேஸ்ட், அதுல ஓவர்லாக் தையல் ஒண்ணு கெட்டியா இருக்கும், அதுவே கோடு போடும். அதனால நீங்க சென்டருக்கு போனா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: "பிரஷர் அடிங்க, ஃபோம் போடுங்க, அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி பிரஷர் அடிங்க, பாடிய யாரும் தொட வேண்டாம், கம்ப்ரஸர் ஏர் மட்டும் அடிச்சு விடுங்க, மிச்சம் நான் துடைச்சுக்கறேன்." ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல, அவங்களுக்கும் வேலை மிச்சம். வெயில் காயறதுக்கு முன்னாடி போங்க, ஃபோம் பானெட் மேல காஞ்சு போனா அது வேற கறை. அடில டீசல், ஆயில் ஸ்ப்ரே அடிக்கட்டுமான்னு கேப்பாங்க, வேண்டாம்னுடுங்க, புஷ் ரப்பர் எல்லாம் ஊறி போகும், ஒட்டற தூசி தான் மிச்சம்.

ஃபோம் மட்டும் போட்டு தொடாம கழுவினா வண்டி முழுசா சுத்தமாகுமான்னா, ஆகாது. மண், தூசி, சேறு போயிடும், ஆனா ரோட்டு புகையும் எண்ணெயும் சேர்ந்த ஒரு மெல்லிய படலம் தங்கும், காஞ்சப்புறம் விரல் வெச்சு பார்த்தா தெரியும். அத எடுக்க ஏதோ ஒரு துணி தொட்டே ஆகணும். எத்தனை வாஷுக்கு ஒரு தடவை தொடணும்ங்கறதுல எங்க ஆளுங்களுக்குள்ளயே சண்டை, சிலர் ஒவ்வொரு தடவையும்பாங்க, என் கணக்கு கருப்பு வண்டின்னா ரெண்டு மூணு வாஷுக்கு ஒரு தடவை போதும். பெயின்ட்ட எத்தனை தடவை தொடறோமோ அத்தனை தடவை ரிஸ்க், இது ஒண்ண மனசுல வெச்சிட்டா எந்த முறைய பார்த்தாலும் நீங்களே எடை போட்டுடலாம்.

அபார்ட்மென்ட்ல ஹோஸ் போட அசோசியேஷன் விட மாட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. அப்ப உங்களுக்கு நான் சொல்ற வழி ரின்ஸ்லெஸ் வாஷ். இதுல ஷாம்பு மாதிரி நுரை வராது, பாலிமர் கலந்த ஒரு திரவம், தூசிய சுத்தி வழவழப்பா பிடிச்சு துணிக்குள்ள இழுத்துக்கும், அப்புறம் தண்ணி ஊத்தி அலச வேண்டியதில்ல. ஆப்டிமம் நோ ரின்ஸ்ங்கறது இதுல பழைய சரக்கு, ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணி, அதாவது பத்து லிட்டர் பக்கெட்டுக்கு 40 மில்லி, வேற கம்பெனி வாங்கினா அந்த பாட்டில் மேல போட்டிருக்கற அளவ பார்த்துக்கோங்க. ஏழெட்டு நல்ல மைக்ரோஃபைபர் துணிய அதுலயே ஊறப்போட்டு, அதே திரவத்த ஒரு ஸ்ப்ரேயர்ல ஊத்தி முதல்ல பேனல் மேல தாராளமா அடிச்சு ரெண்டு நிமிஷம் ஊற விட்டு, அப்புறம் துணிய நாலா மடிச்சு ஒரு பக்கம் ஒரு இழுப்பு, அமுக்காம, மடிப்ப திருப்பி அடுத்த பக்கம். எல்லா பக்கமும் முடிஞ்ச துணிய திரும்ப பக்கெட்ல போடவே கூடாது, தனியா வெச்சிடணும். கூரைல ஆரம்பிச்சு கண்ணாடி, பானெட், டிக்கி, டோர் மேல் பாதி, கடைசில டோர் கீழ் பாதியும் ரன்னிங் போர்டும், ஏன்னா மண்ணு பூரா அங்க தான் இருக்கு. வீலுக்கு வேற துணி, வேற பக்கெட், அத எந்த காலத்துலயும் பாடிக்கு கொண்டு வராதீங்க. கீழ விழுந்த துணி அன்னைக்கு ரிட்டையர்டு.

இது ஷாம்பு வாஷ் அளவுக்கு சேஃபான்னு கேட்டா, சாதாரண தூசிக்கு ஆமா. மழைக்காலத்துல வேளச்சேரி பக்கம் சேத்துல போயிட்டு வந்த வண்டிக்கு இல்ல, அதுக்கு முதல்ல ஓடற தண்ணி வேணும், நேரா சென்டருக்கு போங்க. அந்த எல்லை எங்கன்னு ஸ்கேல் வெச்சு சொல்ல முடியாது, டோர்ல விரல் வெச்சா நறநறன்னு மண் தட்டுப்பட்டா ரின்ஸ்லெஸ் வேண்டாம்னு வெச்சுக்கோங்க. ஸ்ப்ரே பண்ணி உடனே துடைக்கற வாட்டர்லெஸ் பாட்டில் எல்லாம் ஷோரூம்ல நிக்கற வண்டிக்கு, நம்ம ஊர் ரோட்டுக்கு இல்ல. சிக்னல்ல விக்கற கலர் கலரான டஸ்டரும் அதே தான், தூசிய வரட்டு வரட்டுனு இழுக்கும். வண்டிக்கு கவர் போடறதும் நல்லதுன்னு நினைப்பாங்க, தூசி மேல கவர் போட்டு காத்துல அது ஆடறப்ப நாள் பூரா தேய்ச்சிட்டே இருக்கும், கழுவின கையோட போட்டா மட்டும் தான் லாபம்.

ஷாம்பு விஷயத்துல ஜனங்க தேவைக்கு மேல பயப்படறாங்கன்னு தான் சொல்லுவேன். பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு தடவை போட்டா கிளியர் கோட் கரைஞ்சிடாது, மேல இருக்கற வேக்ஸ் போகும், வழவழப்பு கம்மி, அவ்ளோ தான். தலைக்கு போடற சாஷே ஷாம்புவும் அவசரத்துக்கு பரவால்ல. துணி துவைக்கற பவுடர் தான் வேண்டவே வேண்டாம், அதுல சோடா இருக்கு, காரம் ஜாஸ்தி, கரையாத குருணை வேற துணிக்கு அடில மாட்டும். சில அண்ணாங்க பக்கெட்ல கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவாங்க, உடனே பளபளன்னு இருக்கும், அது எண்ணெய் படலம், அரை நாள்ல தூசிய பூரா இழுத்து ஒட்ட வெச்சுக்கும், கண்ணாடி ஓரத்து ரப்பரையும் ஊற வெச்சு கெடுக்கும். உங்க அண்ணா விடறாரான்னு ஒரு நாள் பக்கெட்ட மோந்து பாருங்க.

தண்ணி. இது கோட்டுக்கு அடுத்த பெரிய விஷயம், உங்க ஏரியாவுல குறிப்பா. குடிக்கற தண்ணிக்கே நம்ம நாட்டு ஸ்டாண்டர்டு டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம்ங்குது, வேற வழியே இல்லாட்டி 2000 வரைக்கும். சென்னைல பல இடத்துல போர் தண்ணி ஆயிரத்த சாதாரணமா தாண்டும். ஒரு சொட்டு காயறப்ப தண்ணி போயிடும், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் வெள்ளை வட்டமா பெயின்ட் மேல உக்காந்துடும், அது மேல மே மாச வெயில் அடிச்சா சுட்டு எடுத்த மாதிரி பிடிச்சுக்கும். வாட்டர் சாஃப்ட்னர் மெஷின் வழியா வர்ற தண்ணில கால்சியத்துக்கு பதிலா சோடியம் வரும், மொத்த உப்பு குறையாது, ஆனா அந்த கறை ஈரத்துணிக்கு போயிடும், அந்த அளவுக்கு நல்லது. ஆர்ஓ கழிவு தண்ணிய வண்டிக்கு ஊத்தறது சென்னைல 2019 தண்ணி பஞ்சத்துக்கு அப்புறம் நிறைய வீட்ல பழக்கமாயிடுச்சு, நல்ல எண்ணம் தான், ஆனா ஆர்ஓ வெளில தள்ளற தண்ணில உப்பு உள்ள போன தண்ணிய விட ஜாஸ்தி. மேட், டயர், வீல் ஆர்ச்சுக்கு ஊத்துங்க, பெயின்ட்டுக்கு வேண்டாம். அதுக்கு பதிலா ஏசி வெளில விடற தண்ணிய பிடிச்சு வைங்க. அது காத்துல இருந்து குளிர்ந்து சேர்ற தண்ணி, உப்பு கிட்டத்தட்ட கிடையாது, ஒரு ராத்திரிக்கு சில லிட்டர் வரும், வடிகட்டிட்டு ரின்ஸ்லெஸ்ஸுக்கு கலந்துக்கோங்க, கறையே தங்காது. பைசா செலவில்லாத இத யாரும் பண்ண மாட்டேங்கறாங்க, ஏன்னு தெரியல.

எந்த தண்ணியா இருந்தாலும் தானா காய விடாதீங்க. பெரிய டிரையிங் டவல பானெட் மேல விரிச்சு போட்டு மெதுவா இழுங்க, தேய்க்காதீங்க. டவல தனியா துவைங்க, கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் போட்டா அந்த இழை தண்ணி இழுக்கறத விட்டுடும். ஏற்கனவே பிடிச்ச வெள்ளை கறைக்கு வெள்ளை வினிகர்ல சம அளவு தண்ணி கலந்து, நிழல்ல, பானெட் ஆறி இருக்கறப்ப ஒரு நிமிஷம் ஒத்தி எடுத்து கழுவிடுங்க. அதுக்கு போகலன்னா கறை கிளியருக்குள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் பாலிஷ் தான். டாய்லெட் கழுவற ஆசிட்ட அலாய் வீலுக்கு போடற ஆளுங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். காக்கா, புறா எச்சம் மட்டும் எந்த அட்டவணைக்கும் காத்திருக்கக் கூடாது, ஈர டிஷ்யூ போட்டு பத்து நிமிஷம் ஊற வெச்சு தூக்கி எடுங்க, சுரண்டாதீங்க. மாமரத்துக்கு கீழ நிறுத்தினா பிசுபிசுன்னு விழறது பூச்சி விடற தேன் மாதிரி கழிவு, அதுக்கும் இதே தான்.

துடைக்கற அண்ணாவ நிறுத்தணுமான்னா, நிறுத்த வேண்டாம். 600 ரூபாய அப்படியே குடுங்க, தினமும் துடைக்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் நான் குடுக்கற துணில, நான் கலந்து வெச்ச பக்கெட்ல, நான் காட்டற மாதிரி பண்ணுங்கன்னு சொல்லுங்க. மத்த நாள்ல கண்ணாடி மட்டும். முதல் ரெண்டு வாரம் கூட நில்லுங்க, இல்லன்னா பழைய துணி தானா வெளில வந்துடும். தூசியோட நிக்கற வண்டிய பாக்க ஒரு மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கேப்பார், தூசி சும்மா உக்காந்திருந்தா பெயின்ட்ட ஒண்ணும் பண்ணாது.

கடைசியா, இருக்கற கோட்டுக்கு என்ன பண்றது. முதல்ல கழுவற முறைய மாத்துங்க, அப்புறம் பாலிஷ், தலைகீழா பண்ணினா மூணு மாசத்துல அதே நிலைமை. ரப்பிங், அதாவது காம்பவுண்டு வெச்சு தேய்க்கறது, கிளியர சில மைக்ரான் சீவி எடுக்கறது தான், இருக்கறதே 40, 50, அதனால வருஷா வருஷம் சர்வீஸ்ல "ரப்பிங் பாலிஷ் ஃப்ரீ சார்"னா தலையாட்டாதீங்க. செராமிக் கோட்டிங் போட்டா கோடே விழாதுன்னு சொல்றது நம்பற மாதிரி இல்ல, அது ஒண்ணு ரெண்டு மைக்ரான் படலம், விளம்பரத்துல கடினம்னு சொல்ற 9எச்ங்கறது பென்சில் வெச்சு சோதிக்கற அளவு, மணலோட கடினத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கழுவறது சுலபமாகும், அது உண்மை. கீறல நிஜமா தாங்கறது பெயின்ட் மேல ஒட்டற, 150, 200 மைக்ரான் இருக்கற பிபிஎஃப்ங்கற பிளாஸ்டிக் ஃபிலிம் தான், விலை உங்களுக்கே தெரியும்.

நகத்த கோட்டுக்கு குறுக்கா மெதுவா ஓட்டி பாருங்க. நகம் மாட்டலன்னா ஒரு லைட் பாலிஷ்ல போயிடும், மாட்டினா அத அப்படியே விட்டுடறது நல்லது. ராத்திரி பார்க்கிங்ல லைட்ட அணைச்சிட்டு, ஃபோன் டார்ச்ச ஒரு அடி தள்ளி பிடிச்சு பானெட் ஒண்ணு, டிரைவர் பக்க டோர் ஒண்ணு போட்டோ எடுத்து போடுங்க, பாலிஷ் இப்பவே வேணுமா ஒரு வருஷம் தள்ளலாமான்னு பார்த்துட்டு சொல்றேன்.